ஊர் விட்டுப் போனவர்களோடு உறவு விட்டுப்போகாமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அஸ்தம்பட்டியில் இருபது வருடங்களாக பிரவுசிங் சென்டர் நடத்தி வருகிறேன். ஆரம்பத்தில், ஃபேஸ்புக் போல அன்றிருந்த ஆர்குட்டில் கணக்குத் தொடங்கித் தரச் சொல்லிக் கல்லூரி மாணவர்கள் வந்தார்கள். அப்புறம் ஸ்கைப்பில் மகனையும் மகளையும் பார்க்கப் பெற்றோர் வந்தார்கள். பலகைத் தடுப்புக்குள் உட்கார்ந்து, கேமராவுக்கு முன்னால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, திரையில் முகம் வந்ததும் ஒரு நிமிடம் பேச்சே வராமல் இருப்பார்கள். இப்போது எல்லோர் கையிலும் போன் வந்துவிட்டது. ஜெராக்ஸுக்கும் விண்ணப்பத்துக்கும் பயோடேட்டாவுக்கும்தான் கடைக்கு வருகிறார்கள். ஆனால் வந்த இடத்தில், "அக்கா, ஒன்று கேட்கலாமா?" என்று தொடங்கும் கேள்விகள் அன்று கேட்டவைதான். பையன் சரியாகப் பேசுவதில்லை. பழைய மேனேஜரிடம் எப்படி வேலை கேட்பது. வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளியே வந்தால் சித்தப்பா கோபித்துக்கொள்வாரா. அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். ஆராய்ச்சியாளர்கள் கண்டதிலிருந்து சில, கடையில் நான் கண்டதிலிருந்து சில.

வாட்ஸ்அப், ஃபேஸ்புக், லிங்க்ட்இன் எல்லாம் ஒன்றுதானே? ஒன்று இருந்தால் போதாதா?

வீட்டுக்கு வருகிறவர்களில் யாரைத் திண்ணையோடு பேசி அனுப்புகிறோம், யாரைக் கூடத்தில் உட்கார வைக்கிறோம், யார் நேராக அடுப்படிக்கே வரலாம் என்று நமக்கு ஒரு கணக்கு இருக்கிறது. இங்கும் அதே கணக்குதான். 2003-இல் தொடங்கிய லிங்க்ட்இன் வேலைக்கான திண்ணை. முன்பின் தெரியாதவரும் வந்து வணக்கம் சொல்லலாம், யாரும் தவறாக நினைப்பதில்லை. 2004-இல் வந்த ஃபேஸ்புக் கூடம். பள்ளித் தோழி, பழைய பக்கத்து வீட்டுக்காரர், கல்யாணத்தில் மட்டும் பார்க்கிற சொந்தம் எல்லோரும் வந்துபோகிற இடம். 2009-இல் தொடங்கிய வாட்ஸ்அப்புக்கு அவருடைய எண் நம்மிடம் இருக்க வேண்டும். எண் கொடுப்பது என்பது அடுப்படி வரை வர விடுவது.

இதை மறப்பதால்தான் சங்கடம் வருகிறது. நேர்முகத் தேர்வு நடத்திய அதிகாரியின் எண்ணை யாரிடமோ வாங்கி, இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் "சார், ரிசல்ட் என்ன ஆயிற்று?" என்று கேட்ட பையன்களைப் பார்த்திருக்கிறேன். அதே கேள்வியை லிங்க்ட்இன்னிலோ மின்னஞ்சலிலோ பகலில் கேட்டிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும்.

ஃபேஸ்புக்கில் 1,200 நண்பர்கள் இருக்கிறார்கள். டெங்கு வந்து பத்து நாள் படுத்திருந்தேன். மூன்று பேர்தான் கேட்டார்கள். மற்றவர்கள் எல்லாம் எதற்கு?

அந்த மூன்று பேர் கிடைத்ததே நல்ல கணக்கு என்று சொன்னால் நம்புவீர்களா? ராபின் டன்பார் என்ற பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் 1992-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். குரங்கினங்களின் மூளை அளவையும் கூட்டத்தின் அளவையும் ஒப்பிட்டு, மனிதரால் நிலையாகப் பேணக்கூடிய உறவுகள் ஏறத்தாழ 150 என்று கணக்கிட்டார். அதற்குள்ளும் அடுக்குகள் உண்டு. உயிருக்கு உயிராக ஐந்து பேர், நெருக்கமாக பதினைந்து, நல்ல பழக்கமாக ஐம்பது, அப்புறம் நூற்றைம்பது. இந்த எண்களை ஏற்காத ஆராய்ச்சியாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் சமூக வலைத்தளம் வந்த பிறகு இது மாறியதா என்று 2016-இல் அவரே பிரிட்டனில் 3,000-க்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்த கணக்கெடுப்புகளை வைத்துப் பார்த்தார். மனம் உடைந்துபோகிற நேரத்தில் நம்பக்கூடியவர்கள் என்று மக்கள் சொன்னது சராசரியாக நான்கு பேரைத்தான். நண்பர் பட்டியல் எவ்வளவு நீண்டிருந்தாலும் உள்வட்டம் நீளவில்லை.

மற்ற 1,197 பேர் எதற்கு என்று கேட்டீர்கள். அவர்கள் காய்ச்சலுக்கு ரசம் கொண்டுவரும் ஆட்கள் இல்லை. அவர்களுடைய பயன் வேறு இடத்தில் இருக்கிறது. அடுத்த கேள்வியில் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று: கேட்ட அந்த மூன்று பேருக்கு நீங்கள் கடைசியாக எப்போது போன் செய்தீர்கள்? 1,200 பேருடைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிற நேரம் அவர்களுடைய பங்கிலிருந்து போகிறது. எனக்கு இது உறுத்துகிறது. அதனால் சொல்கிறேன்.

பையன் இன்ஜினீயரிங் முடித்து ஒரு வருடமாக வீட்டில் இருக்கிறான். லிங்க்ட்இன்னில் இருந்தால் வேலை கிடைக்கும் என்கிறார்கள். உண்மையா?

கணக்குத் தொடங்கினாலே வேலை வந்துவிடாது. ஆனால் வேலை பற்றிய தகவல் எந்த வழியாக வருகிறது என்று தெரிந்தால், அதை எப்படிப் பயன்படுத்துவது என்று புரியும்.

மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் பாஸ்டனுக்குப் பக்கத்தில் உள்ள நியூட்டன் என்ற ஊரில், புதிதாக வேலை மாறியவர்களைச் சந்தித்தார். தெரிந்தவர் மூலமாக வேலை கிடைத்தவர்களிடம், "அந்தத் தெரிந்தவரை அப்போது எத்தனை தடவை பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டார். அடிக்கடி பார்ப்பவர் மூலம் என்று சொன்னவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்பவர் மூலம் என்றவர்கள் 55.6 சதவீதம். வருடத்துக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோ பார்ப்பவர் மூலம் என்றவர்கள் 27.8 சதவீதம். 1973-இல் இதை எழுதினார். காரணம் யோசித்தால் எளிது. தினமும் பார்க்கிற நண்பனுக்கு என்ன தெரியுமோ அது நமக்கும் தெரியும். இருவரும் ஒரே டீக்கடையில் நிற்கிறோம். எப்போதோ பார்க்கிற ஒருவர் வேறு ஊரில், வேறு கூட்டத்தில் இருக்கிறார். அவருடைய காதில் விழுவது நம் காதில் விழாது. மேலே கேட்ட 1,197 பேருடைய பயன் இதுதான்.

இதையே 2022-இல் ஒரு பெரிய ஆய்வு லிங்க்ட்இன்னில் சோதித்துப் பார்த்தது. ஐந்து ஆண்டுகள், சுமார் 2 கோடிப் பேர். ஓரளவு தூரத்துப் பழக்கங்கள்தான் வேலை மாற அதிகம் உதவின. ஆனால் சேலத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது அதன் இன்னொரு பாதி. கணினி சார்ந்த துறைகளில்தான் இந்தத் தூரத்துப் பழக்கம் நன்றாக வேலை செய்கிறது. கணினி குறைவாகப் புழங்கும் துறைகளில் நெருக்கமான உறவே அதிகம் உதவியது. அதனால் மென்பொருள் வேலை தேடுகிற பையனுக்கு லிங்க்ட்இன்னில் கல்லூரி சீனியர்களைத் தேடச் சொல்கிறேன். சங்ககிரியில் லாரித் தொழிலில் கணக்கு எழுதப் போகிற பையனிடம், உன் மாமாவுக்குத் தெரிந்தவரை நேரில் போய்ப் பார் என்கிறேன். இருவருக்கும் ஒரே பதில் சொன்னால் தவறாகிவிடும்.

இன்னொன்று. கணக்குத் தொடங்கிய அன்றே நூறு பேருக்கு "வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று ஒரே வரியை அனுப்பாதீர்கள். அந்த நூறு பேரும் அதைத் தினமும் பார்க்கிறவர்கள். பத்து சீனியர்களை எடுங்கள். ஒவ்வொருவரும் என்ன வேலை செய்கிறார் என்று படியுங்கள். அந்த வேலையைப் பற்றி ஒரு உண்மையான கேள்வி கேளுங்கள். போன ஜூன் மாதம் என் கடையில் உட்கார்ந்து ஒரு பெண் இப்படி ஏழு பேருக்கு எழுதினாள். நான்கு பேர் பதில் போட்டார்கள். ஒருவர், "தேர்வுக்கு இந்தப் பகுதியை மட்டும் திரும்பப் படி" என்று அரைப் பக்கம் எழுதியிருந்தார். முகம் தெரியாத ஒரு பெண்ணுக்காக அரைப் பக்கம். அதைப் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கும்போது எனக்கே கண் கலங்கியது.

பல வருடம் பேசாதவரிடம் திடீரென்று உதவி கேட்டால், காரியத்துக்காக வந்திருக்கிறான் என்று நினைக்க மாட்டாரா?

இந்தக் கூச்சத்தினாலேயே எத்தனையோ நல்ல உறவுகள் அப்படியே கிடக்கின்றன. அமெரிக்காவில் மூன்று ஆராய்ச்சியாளர்கள் நிறுவன நிர்வாகிகளிடம் ஒரு வேலை கொடுத்தார்கள்: குறைந்தது மூன்று ஆண்டுகளாகப் பேசாதவர்களைத் தொடர்புகொண்டு, உங்கள் தொழிலில் இருக்கும் ஒரு பிரச்சினைக்கு யோசனை கேளுங்கள். 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். பழைய ஆட்கள் தந்த யோசனை, தினமும் பேசுகிறவர்கள் தந்ததைவிடப் புதிதாகவும் பயனுள்ளதாகவும் இருந்தது. பேச்சு நின்ற காலத்தில் அவர்கள் வேறு எங்கெங்கோ போய், வேறு எதையெதையோ கற்றிருந்தார்கள். பழைய நம்பிக்கையோ அப்படியே இருந்தது.

ஆகவே எழுதுங்கள். எப்படி எழுதுவது என்பதுதான் விஷயம். பஞ்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்த ஒருவர் தன் பழைய ஃபோர்மேனுக்கு எழுத வந்தார். அவர் முதலில் தட்டியது "ஹாய் அண்ணா, எப்படி இருக்கிறீர்கள்?" என்று மட்டும். அதற்கு என்ன பதில் வரும்? "நலம்" என்று வரும், அங்கேயே நின்றுவிடும். இருவரும் உட்கார்ந்து திருத்தி எழுதினோம்:

"அண்ணா, வணக்கம். 2012-இல் மில்லில் உங்களோடு இரவு ஷிப்டில் இருந்தேன். மழை நாளில் மோட்டார் நின்றபோது நீங்கள் டார்ச் பிடித்தீர்கள், நான் ஒயர் மாற்றினேன். இப்போது திருப்பூரில் சாயப்பட்டறையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். சொந்த ஊர்ப் பக்கம் வரலாம் என்று நினைக்கிறேன். சேலம், ஓமலூர்ப் பக்கம் எந்த மில் நன்றாக நடக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். நேரம் கிடைக்கும்போது சொன்னால் போதும். உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?"

டார்ச் பிடித்ததை எழுதியவுடன் அந்த ஃபோர்மேனுக்கு அந்த இரவு முழுதும் ஞாபகம் வந்துவிடும். கேட்பதும் சிறியது: வேலை கேட்கவில்லை, தகவல் கேட்டிருக்கிறார். சொல்லாவிட்டாலும் குற்றமில்லை என்று வழியும் விட்டிருக்கிறார். அனுப்பி இருபது நிமிடத்தில், கடையில் இருக்கும்போதே போன் வந்தது. முழங்கால் பற்றித்தான் முதலில் பேசினார்கள்.

உதவி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பிறகு என்ன ஆயிற்று என்று அவருக்குச் சொல்லுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். யோசனை சொன்னவருக்கு அது எங்கே போய் முடிந்தது என்று தெரிந்துகொள்ள ஆசை இருக்கும்.

மகன் வெளிநாட்டில் இருக்கிறான். தினமும் வீடியோவில் பேசுகிறோம். "சாப்பிட்டாயா? சாப்பிட்டேன். அங்கே மழையா?" அதோடு முடிந்துவிடுகிறது. என்ன பேசுவது?

ஏற்காடு நாகலூரிலிருந்து ஒரு அம்மா வருவார். கணவரும் அவரும் காபித் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். மகன் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். "என்ன பேசுவதென்றே தெரியவில்லை கண்ணு, அவன் முகத்தைப் பார்த்தால் போதும் என்று இருக்கிறது. அவனோ அரை நிமிடத்தில் வைத்துவிடுகிறான்" என்றார். பேச வேண்டாம், காட்டுங்கள் என்றேன். மார்ச் மாதக் கடைசியில் ஒரு மழை பெய்து காபிச் செடிகள் பூத்திருந்த நேரம். வெள்ளைப் பூ கொத்துக் கொத்தாகக் கிளையை மூடியிருக்கும். மல்லிகை போல ஒரு வாசனை மலை முழுக்க வரும். அவர் மறுநாள் காலையில் போனைப் பிடித்துக்கொண்டு தோட்டத்து ஓரமாக நடந்திருக்கிறார். மகன் அறையில் உட்கார்ந்து, "அம்மா, அந்தச் சில்வர் ஓக் மரத்துப் பக்கம் காட்டு, மிளகுக்கொடி எவ்வளவு உயரம் போயிருக்கிறது?" என்று கேட்டிருக்கிறான். முக்கால் மணி நேரம் பேசினார்களாம். பேசினார்கள் என்பதைவிட, சேர்ந்து நடந்தார்கள் என்று சொல்லலாம்.

நேர்காணல் போல எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது நம் வீட்டுப் பழக்கமே கிடையாது. கீரை ஆய்ந்துகொண்டு, துணி மடித்துக்கொண்டு, வேறு ஏதோ செய்துகொண்டேதான் பேசுவோம். போனிலும் அதைச் செய்யுங்கள். அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு நீங்கள் காய் நறுக்குங்கள். அவன் அங்கே சமைக்கட்டும். அவனிடம் கேட்கிற கேள்வியும் அவன் வாழ்க்கையிலிருந்து வரட்டும். "இன்று எத்தனை ஏசி பார்த்தாய், எந்த வீடு கஷ்டமாக இருந்தது?" என்று கேட்டால் சொல்வதற்கு அவனிடம் ஏதாவது இருக்கும். தினமும் பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் நிதானமாகப் பேசுவது ஏழு நாள் கடமைக்குப் பேசுவதைவிட மேல் என்பது என் எண்ணம்.

நேரக் கணக்கைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஷார்ஜா நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். நியூயார்க் கோடையில் ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம் பின்னால்.

வாட்ஸ்அப்பில் அழைத்தால் துபாய்க்கு மட்டும் ஏன் போவதில்லை?

உங்கள் போனில் குறை ஒன்றுமில்லை. துபாயும் ஷார்ஜாவும் அடங்கிய ஐக்கிய அரபு அமீரகத்தில் அனுமதி பெறாத இணைய அழைப்புகளுக்குத் தடை உண்டு. வாட்ஸ்அப்பில் எழுத்தும் குரல் பதிவும் போகும்; அழைப்பு போகாது. அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலியை இரு பக்கமும் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

எங்கள் மலைக் கிராமத்தில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கிறது. என்ன செய்வது?

குரல் பதிவு அனுப்புங்கள். மஞ்சக்குட்டையில் இருந்தாலும் செம்மடுவில் இருந்தாலும், சிக்னல் இல்லாத நேரத்தில் பேசிப் பதிந்து வைத்தால், மேட்டுக்கு வரும்போதோ ஏற்காடு டவுனுக்கு வரும்போதோ அது தானாகப் போய்விடும். மகளும் அவளுக்கு ஒழிந்த நேரத்தில் கேட்டுக்கொள்வாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இதைவிட நல்ல வழி வேறில்லை. கடிதத்துக்கு மற்றவரை நம்பியிருந்த பாட்டிகள் இன்று தங்கள் குரலிலேயே பேசி அனுப்புகிறார்கள். பின்னால் கோழி கத்துவதும் கேட்கும். அதை அழித்துவிட்டு மறுபடி பதிய வேண்டாம். ஊரை விட்டுப் போன பிள்ளைக்கு அந்தச் சத்தமும் வேண்டும்.

லைக் போட்டாலும், குழுவில் ஒரு வணக்கம் போட்டாலும் தொடர்பில் இருப்பதாகத்தானே அர்த்தம்?

ஃபேஸ்புக்கைப் பயன்படுத்தும் 1,910 பேரை மூன்று மாதம் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2016-இல் வெளிவந்தது. எழுதிய இருவரில் ஒருவர் அப்போது அந்த நிறுவனத்திலேயே வேலை செய்த ஆராய்ச்சியாளர். நெருக்கமானவர் தனக்கென்று வார்த்தை எழுதி அனுப்பியபோது மக்களின் மனநிலை மேம்பட்டது. ஒரே அழுத்தில் வரும் லைக்குக்கு அந்தப் பலன் இல்லை. எல்லோருக்கும் பொதுவாகப் போடும் பதிவுக்கும் இல்லை.

இதை நான் ஆய்வைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவள் மஸ்கட்டில் இருக்கிறாள். அவள் அம்மா கையால் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறேன். அந்த அம்மா இறந்த செய்தி எங்கள் வகுப்புக் குழுவில் வந்தது. வரிசையாக எல்லோரும் கும்பிட்ட கைப் படம் போட்டார்கள். கடையில் கூட்டம். நானும் அதையே போட்டுவிட்டு அடுத்த ஜெராக்ஸை எடுத்தேன். இரவு கூப்பிடலாம் என்று நினைத்தேன். இரவு நேரமாகிவிட்டது என்று தோன்றியது. மறுநாள் தாமதமாகிவிட்டதே என்று தோன்றியது. எட்டு மாதம் கழித்து ஊருக்கு வந்தவள் கடைக்கு வந்தாள். "டிக்கெட் கிடைக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நீ கூப்பிடுவாய் என்று போனை மடியிலேயே வைத்திருந்தேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து குழுவில் சாவுச் செய்தி வந்தால், அங்கே எதுவும் போடுவதற்கு முன் அந்த வீட்டு ஆளுக்குப் போன் செய்கிறேன். எடுக்காவிட்டால் பெயர் சொல்லி, இறந்தவரைப் பற்றி எனக்கு ஞாபகம் இருக்கும் ஒன்றைச் சொல்லிக் குரல் பதிவு வைக்கிறேன்.

சொந்தக்காரர்கள் குழுவில் காலை வணக்கமும் ஃபார்வர்டும் அரசியல் சண்டையும்தான். வெளியேறலாமா?

ஒலியை நிறுத்தி வையுங்கள், ஆனால் இருங்கள் என்பேன். காது குத்து, கிரகப்பிரவேசம், ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு யார் யார் வருகிறார்கள் என்ற செய்தி எல்லாம் அங்கேதான் வருகிறது. காலை வணக்கம் அனுப்புகிற பெரியப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். நான் எழுந்துவிட்டேன், நன்றாக இருக்கிறேன் என்று அவர் தெரிவிக்கிற விதம் அது. ஒரு நாள் வராவிட்டால் யாராவது ஒருவர் போன் செய்து பார்க்க வேண்டும்.

சண்டை வேறு விஷயம். குழுவில் நாற்பது பேர் பார்க்கப் பேசிய பேச்சிலிருந்து யாரும் பின்வாங்க முடியாது. கருத்து வேறுபட்டால் அவரைத் தனியாக அழையுங்கள். வதந்தியைப் பொறுத்தவரை, 2018-இல் வாட்ஸ்அப் இந்தியாவில்தான் முதலில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. பிள்ளை கடத்தல் வதந்திகளால் உயிர்கள் போன வருடம் அது. இரட்டை அம்புக்குறியோடு வருவது பல கை மாறி வந்தது என்று பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

வெளியேறியே ஆக வேண்டுமென்றால், 2022-லிருந்து நிர்வாகிக்கு மட்டும் தெரிகிற மாதிரி வெளியேறலாம். சித்தப்பாதான் நிர்வாகி என்றால் முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். வெளி மாநில வியாபாரிகளோடு வாட்ஸ்அப்பை மட்டும் நம்பித் தொழில் செய்ய முடியுமா?

ஏற்கெனவே பழக்கம் இருந்தால் முடியும். மாதிரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறிய தலைமுறை சம்பாதித்து வைத்த நம்பிக்கையில்தான் இன்று படம் அனுப்பி ஆர்டர் வாங்குகிறோம். புது ஆளிடம் முதல் சரக்கைப் படத்தை மட்டும் நம்பிக் கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள். படத்தில் மாடல் தெரியும். எடை தெரியாது, டச் (வெள்ளி எவ்வளவு சுத்தம் என்பது) தெரியாது, பற்றவைப்பு உறுதியா என்று தெரியாது.

நான் பார்த்ததில் நன்றாகச் செய்கிற ஒருவர், ஒவ்வொரு ஜோடியையும் மின்னணுத் தராசின் மேலேயே வைத்துப் படம் எடுக்கிறார். எத்தனை கிராம் என்று எண் தெரிய வேண்டும். அதே செய்தியில் டச், கூலி, கொடுக்கும் தேதி மூன்றையும் எழுத்தில் போடுகிறார். பேசியது மறந்துபோகும், எழுதியது இரண்டு பேர் போனிலும் இருக்கும். தாமதமானால் வியாபாரி கேட்கும்வரை காத்திருப்பதில்லை; பாதி முடிந்த சரக்கைப் பட்டறையிலேயே வீடியோ எடுத்து, "பாலிஷ் பாக்கி, வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன்" என்று தானே சொல்லிவிடுகிறார். தொழிலில் முகம் பார்க்காமல் நம்பிக்கை நிற்பது இப்படித்தான்: கெட்ட செய்தியை முதலில் நாமே சொல்வதால்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு வரும் தந்தேரஸ் அன்று வடக்கே வெள்ளி வாங்குவார்கள். அன்று வாழ்த்து அனுப்புபவர் ஆயிரம் பேர். அதற்கு ஒரு வாரம் கழித்து, "வியாபாரம் எப்படி இருந்தது, எந்த மாடல் ஓடியது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் நீளமாக வரும், அடுத்த வருடத்துக்கான திட்டமும் அதில் இருக்கும். வருடத்துக்கு ஒரு முறையாவது நேரிலும் போய்விட்டு வாருங்கள்.

போனில் வெளிநாட்டு வேலை தருவதாகச் சொல்கிறார்கள். நண்பர் கணக்கிலிருந்து அவசரமாகப் பணம் கேட்டும் செய்தி வருகிறது. எப்படி நம்புவது?

பணம் கேட்டு யார் கணக்கிலிருந்து வந்தாலும், அவருடைய பழைய எண்ணுக்குப் போன் செய்து குரலைக் கேட்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுங்கள். நேரம் போகப் போகப் பணத்தை நிறுத்துவது கடினம். வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் முகவர் அரசிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். இமைகிரேட் என்ற மத்திய அரசின் தளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். கடைக்கு வந்தால் நான் பார்த்துச் சொல்கிறேன், காசு வேண்டாம்.

வாட்ஸ்அப், ஃபேஸ்புக் போன்றவற்றையே ஒரு நாள் மூடிவிட்டால்?

மூடியிருக்கிறார்கள். ஆர்குட் 2014 செப்டம்பர் 30-இல் போனது. ஸ்கைப் 2025 மே மாதம் போனது. ஆர்குட்டில் மட்டும் பேசிக்கொண்டிருந்த எத்தனையோ பேர் அதோடு ஒருவரை ஒருவர் தொலைத்தார்கள். முக்கியமான ஐம்பது பேருடைய எண், மின்னஞ்சல், வீட்டு முகவரி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பேனாவால்.

இறந்துபோனவருடைய கணக்கையும் செய்திகளையும் என்ன செய்வது?

ஃபேஸ்புக்கில் இறந்தவர் கணக்கை நினைவுக் கணக்காக மாற்றித் தரச் சொல்லலாம். உயிரோடு இருக்கும்போதே, தனக்குப் பிறகு பார்த்துக்கொள்ள ஒருவரை நியமிக்கவும் முடியும். வாட்ஸ்அப்பில் 120 நாள் பயன்படுத்தாத கணக்கைப் பொதுவாக நீக்கிவிடுவார்கள். குழுக்களிலிருந்தும் அந்தப் பெயர் போய்விடும். சிம் கார்டுக்குப் பணம் கட்டாமல் விட்டால் எண்ணும் காலப்போக்கில் வேறு யாருக்கோ போகும். அவர் உங்களுக்கு அனுப்பியவை உங்கள் போனில் இருக்கும், ஆனால் போன் கெட்டுப்போனால் அவையும் போகும். அந்த உரையாடலைத் திறந்து, "சாட் ஏற்றுமதி" என்பதை மீடியாவோடு சேர்த்துக் கொடுத்து, உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். குரல் பதிவுகள் தனித்தனிக் கோப்பாக வரும்.

அம்மாபேட்டையிலிருந்து ஒரு அக்கா போன மாதம் வந்தார். அவருடைய தம்பி மலேசியாவில் இறந்துவிட்டார். பழைய போன், திரை பாதி கறுத்திருந்தது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து நூற்றுப் பதினான்கு குரல் பதிவுகளைப் பென்டிரைவில் ஏற்றினோம். சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஏதாவது ஒன்றைப் போடச் சொன்னார். போட்டேன். "அக்கா, இந்த வருடம் குண்டு மாம்பழம் கிலோ என்ன விலை?" என்று கேட்டார் தம்பி. இன்னொரு தடவை போடச் சொன்னார்.